குப்பத்தா என்று ஒரு பேர்

அன்புள்ள சதீஷ்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் வெறும் உம் கொட்டிவிட்டு வைத்துவிட்டேன். அதைச் சம்மதம் என்று நீ எடுத்துக்கொண்டிருப்பாய். அது சம்மதம் இல்லை. உன் அப்பா பக்கத்தில் கத்திக்கொண்டிருந்தார், அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்தது, அந்த நேரத்தில் எனக்கு வார்த்தை வரவில்லை. இந்த வீட்டில் இருந்துகொண்டு போனில் எதையும் முழுதாகச் சொல்லி முடிக்க முடிவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். அவர் தூங்கும்போது கொஞ்சம், விழித்துக் கூப்பிட்டால் நிறுத்திவிட்டு மறுபடி கொஞ்சம் என்று எழுதுகிற கடிதம் இது. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள். கல்யாணத்துக்கு முன்னால் நீ இதைப் படித்துவிட வேண்டும்.

கல்யாணத்தோடு உன் பேரின் பின்பாதியை மாற்றப் போவதாகச் சொன்னாய். அங்கே சீமையில் நீ வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் எல்லோரும் உன்னை 'மிஸ்டர் எலுமலாய்' என்று அப்பா பேரை உடைத்துக் கூப்பிடுகிறார்கள், அதைக் கேட்கும்போதெல்லாம் அவர் பின்னால் வந்து நிற்கிற மாதிரி இருக்கிறது, அந்த ஏழுமலையை எடுத்துவிட்டு அம்மா பிறந்த ஊரான அரியாங்குப்பத்தைக் குடும்பப் பேராக வைத்துக்கொள்ளப் போகிறேன் என்றாய். எனக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்துத்தான் கேட்டாய். உன் குரலில் அந்தச் சந்தோஷம் தெரிந்தது. நீ கட்டிக்கொள்ளப் போகிற எம்மாவின் வீட்டுப் பேர் நார்ட்டன், அதைப் பார்த்துத்தான் உனக்கு அந்த யோசனையே வந்திருக்கிறது.

"ம்மா, நார்ட்டன்னா வடக்கால இருக்கிற ஊருன்னு அர்த்தமாம். டன்னா ஆதியில வேலி. வேலி அடைச்ச இடம், அப்புறம் பண்ணை, அப்புறம் ஊருன்னு ஆயிடுச்சு. இங்க பாதி பேரு இப்படித்தான். லீன்னு முடிஞ்சா காட்டை வெட்டித் திருத்தின இடம். ஃபோர்டுன்னு முடிஞ்சா ஆத்துல எறங்கிக் கடக்கிற துறை. நம்ம பாளையம், குப்பம், தோப்பு மாதிரிதான்" என்றாய். பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த உன் அத்தை, "அது கெடக்கட்டும், அவன் எம்மா எம்மான்னு கூப்பிட்டா நீ திரும்பறதா அவ திரும்பறதா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு நீ சொன்னதுதான் என்னைச் சிரிக்க விடவில்லை. ஒரு ஊரில் நாலைந்து ஜான் இருந்தால் யார் எந்த ஜான் என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது, வெளியிலிருந்து வந்து குடியேறியவனை அவன் விட்டு வந்த ஊரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், அதுவே அவன் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டது என்றாய். "நார்ட்டன்லயே இருந்தவனுக்கு அந்தப் பேரு வராதும்மா. அங்க எல்லாருமே நார்ட்டன்தானே. ஊரை விட்டுப் போனவனுக்குத்தான் ஊர்ப் பேரு." நீ அதை வேடிக்கை போலச் சொன்னாய். யாரோ என் கதையை எனக்கே திருப்பிச் சொல்கிற மாதிரி இருந்தது எனக்கு.

என் பேர் தனலட்சுமி. உனக்குத் தெரியும், ஆனால் தெரியும் என்பதற்கு மேல் அந்தப் பேரோடு உனக்குப் பழக்கம் இருக்க நியாயமில்லை. அரியாங்குப்பத்தில் என்னைத் தனம் என்பார்கள். கல்யாணமாகி நெல்லித்தோப்புக்கு, இந்த வீட்டுக்கு, வந்து சேர்ந்த அன்று மாலை தெருவிலிருந்து யாரோ "தனலட்சுமி" என்று கூப்பிட்டார்கள். நான் "ஏங்க" என்றேன். உள்ளேயிருந்து உன் அத்தையும் "யாரு" என்று வந்தாள். அவள் பேரும் தனலட்சுமி. உன் அப்பாவுக்கு அம்மா அப்பா இல்லை, அக்காதான் வளர்த்தாள். ரெட்டியார்பாளையத்தில் வாழப் போனவள், புருஷன் செத்து, பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்திருந்தாள். வாசலில் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். கூப்பிட்ட பூக்காரம்மா சிரித்துவிட்டாள். அத்தை சிரிக்கவில்லை. "ஒரே வீட்ல ரெண்டு தனலட்சுமி இருந்தா சரிப்படாது. நீ அரியாங்குப்பத்தா. சரியா?" என்றாள். புதுப்பெண், தலையை ஆட்டினேன். ஒரு வாரம் போனால் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

யாரும் மறக்கவில்லை. அரியாங்குப்பத்தா என்பது வாய்க்கு நீளமாக இருந்ததால் குப்பத்தா ஆனது. தெருவில் பிள்ளைகள் குப்பத்தாக்கா என்றார்கள். சின்னப் பிள்ளை ஒன்று அதைக் குப்பை என்று புரிந்துகொண்டு, குப்பைக் கூடையைக் காட்டி என்னைப் பார்த்துச் சிரித்தது. அதன் அம்மா வாயைப் பொத்தி உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். அன்று சாயங்காலம் உன் அப்பாவிடம், "நீங்களாவது தனம்னு கூப்பிடக்கூடாதா" என்று கேட்டேன். மில்லிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். "அக்கா பேரைச் சொல்லி உன்னை வாடி போடின்னு கூப்பிட எனக்கு வாய் வருமா?" என்றார். அதில் நியாயம் இருந்தது. அவரை வளர்த்தவள் பேர் அது. எல்லாவற்றிலும் யாருக்காவது ஒரு நியாயம் இருந்தது, அதனால்தான் நான் எந்தப் பக்கமும் முட்டி வெளியே வர முடியவில்லை.

நம் தெரு முனையில் இருக்கிற சொல்தா வீட்டை ஞாபகம் இருக்கிறதா? பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்கினவர் வீடு. இங்கே பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில் அவர்கள் முன்னோர் ஒருவர் நம் வழக்கத்தை விட்டு அவன் சட்டத்துக்குள் போனபோது, குடும்பத்துக்கென்று ஒரு பேர் வேண்டும் என்றார்களாம். அவரே யோசித்து ஒரு பேரைத் தேர்ந்தெடுத்தாராம். அந்த வீட்டம்மா ரேஷன் கடையில் நிற்கும்போதுகூட அதைச் சொல்வாள், "எங்க பேரை நாங்களே பாத்து எடுத்தோம்" என்று. மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் கேலி செய்வார்கள். நான் செய்ததில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது.

நீ பிறந்த அன்று நடந்ததை உனக்குச் சிரிப்புக் கதையாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். அத்தை சொல்லுவாள், நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். உள்ளே படுத்திருந்தவள் நான். அது எப்படி இருந்தது என்று கேள். உன் அப்பா மில்லில் ஷிப்டில் இருந்தார். வலி எடுத்ததும் அத்தைதான் பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். உள்ளே கொண்டுபோன கொஞ்ச நேரத்தில் எனக்கு ரத்தம் போகத் தொடங்கியது, நிற்கவில்லை. ரத்தம் ஏற்ற வேண்டும், கூட வந்தவர்களைக் கூப்பிடு என்று டாக்டரம்மா சொல்வது காதில் விழுந்தது. கதவு பாதி திறந்திருந்தது. நர்ஸ் வெளியே போய், "தனலட்சுமி கூட வந்தவங்க யாரு?" என்று குரல் கொடுத்தாள். அத்தை எழுந்து, "நாந்தாம்மா தனலட்சுமி" என்றாள்.

"நீங்க இல்லம்மா. உள்ள இருக்கிற பேஷன்ட் தனலட்சுமி."

"எங்க பொண்ணு பேரு அது இல்லியே. நீங்க வேற யாரையோ கேக்கறீங்க."

நர்ஸ் அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டாள். அங்கேயும் யாரும் எழவில்லை. "தனலட்சுமி, தனலட்சுமி" என்று அவள் வராந்தா முழுக்கக் கேட்டுக்கொண்டு போவது எனக்குக் கேட்டது. அத்தை பொய் சொல்லவில்லை, தெரியுமா? அவளுக்கு உண்மையாகவே அந்த நேரத்தில் தோன்றவில்லை. அந்த வீட்டில் என் பேர் அந்த அளவுக்குச் செத்துப் போயிருந்தது. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நீ இன்னும் வயிற்றுக்குள் இருக்கிறாய். இவர்கள் ஆள் தேடி முடிப்பதற்குள் இரண்டு பேரும் போய்விடுவோம் என்று புரிந்தது. எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ, "நான் அரியாங்குப்பத்தா! அரியாங்குப்பத்தான்னு கூப்பிடுங்க!" என்று கத்தினேன். மறு நிமிஷம் அத்தை செருப்பைக்கூடப் போடாமல் கதவை இடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். அவள்தான் ரத்தம் கொடுத்தாள். நீ பிறந்தாய், நான் பிழைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் தெருவே சிரித்தது. எனக்கு மட்டும் அந்தச் சிரிப்பில் சேர முடியவில்லை. அதுவரைக்கும் அது மற்றவர்கள் என்மேல் வைத்த பேர். அன்று நானே வாயைத் திறந்து நான் குப்பத்தா என்று சொல்லிவிட்டேன். சொன்னதால்தான் நீ இருக்கிறாய், உன்னைத் தூக்கும்போதெல்லாம் அது தெரியும். இனிமேல் அந்தப் பேரை வேண்டாம் என்று யாரிடமும் போய்ச் சொல்ல முடியாது என்பதும் தெரியும். கதவை நானே உள்ளே இருந்து சாத்திக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது.

ஆனாலும் ஒரு தடவை கேட்டேன். நீ நடக்கப் பழகியிருந்தாய். அத்தையும் நானும் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். "அக்கா, யாரும் இல்லாதப்பவாவது என்னைப் பேரு சொல்லிக் கூப்பிடேன்" என்றேன். அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"ரெட்டியார்பாளையத்துல என்னை என்னான்னு கூப்பிட்டாங்க தெரியுமா? நெல்லித்தோப்பா. சைக்கிள்ள போயிட்டு வர்ற தூரம். அதுக்கே ஊர்ப் பேரு. மாமியா, கொழுந்தன், அவரு, எல்லாரும். அவரு சாவறப்ப கூட, நெல்லித்தோப்பாவ வரச்சொல்லுன்னுதான் சொன்னாரு. என் பேரு அவருக்குத் தெரியுமா தெரியாதான்னே எனக்குத் தெரியல. இங்க திரும்பி வந்தப்ப வேற ஒண்ணும் கேக்கல நான். இந்த வீட்டுக்குள்ள என் பேரு எனக்கு வேணும்னு நெனச்சேன். அப்பப் பாத்து நீ அதே பேரோட வந்து நின்ன. நான் என்னாடி பண்ணுவேன்?"

அவளுக்கு நிற்க ஒரு இடம் வேண்டியிருந்தது. அந்த இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். அன்றிலிருந்து அவள்மேல் எனக்குக் கோபம் வைக்க முடியவில்லை. கோபம் வைக்கவும் ஆளில்லாமல் போவது பெரிய கொடுமை, சதீஷ். அது உள்ளேயே சுற்றிச் சுற்றி வரும்.

உன் அப்பாவும் நீயும் பேச்சை நிறுத்திய கதை உங்கள் இரண்டு பேருடையது. அதில் நான் நடுவில் நின்று அடி வாங்கியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. மில்லை மூடின பிறகு அவர் அபார்ட்மெண்ட் வாசலில் வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த நாற்காலி அவரை என்ன செய்தது என்று உனக்கு அப்போது புரிகிற வயசில்லை. நீ நர்சிங் சேர்ந்ததும், "ஆம்பளப் புள்ள ஊரான் பீத்துணி மாத்தவா படிக்கிற?" என்று கேட்டார். நீயும் பதிலுக்கு, "வாசல்ல உக்காந்து சல்யூட் அடிக்கறதுக்கு அது தேவலாம்" என்றாய். அவர் சாப்பிட்ட கையோடு எழுந்து போனார். அதற்குப் பிறகு நீ சீமைக்குப் போகும்வரை இந்த இரண்டு அறைக்குள் நீங்கள் ஒருவரை ஒருவர் தொடாமல் கடந்துபோனது எனக்கு மட்டும்தான் தெரியும். "சோறு வைக்கச் சொல்லு", "சாவி எங்கன்னு கேளு" என்று எல்லாம் என் வழியாகத்தான் போனது. இன்றைக்கு அவர் பேரை உன் பேரிலிருந்து அறுத்துப் போடுகிறேன் என்கிறாய். அதையும் என் வழியாகத்தான் சொல்கிறாய்.

அவருக்குப் பக்கவாதம் வந்தபோது நீ பணம் அனுப்பினாய், டாக்டரிடம் நீயே பேசினாய், நான் குறை சொல்லவில்லை. வலது பக்கம் விழுந்துவிட்டது என்று உனக்குத் தெரியும். பேச்சு போய்விட்டது என்றும் சொல்லியிருக்கிறேன். முழுதாகப் போகவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. ஒரு சொல் தங்கிவிட்டது. சிலருக்கு அப்படி ஆகும் என்று டாக்டர் சொன்னார். உனக்கு இது என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும், அங்கே இப்படி எத்தனை பேரைப் பார்க்கிறாயோ. உன் அப்பாவுக்குத் தங்கின சொல் குப்பத்தா. போனில் நீ கேட்கிற கத்தல் அதுதான், தெளிவில்லாததால் உனக்குப் புரிந்திருக்காது. தண்ணீர் வேண்டுமென்றால் குப்பத்தா. படுக்கை நனைந்தால் குப்பத்தா. கொசு, வலி, வெளிச்சம், கோபம், அழுகை எல்லாம் குப்பத்தா. நான் குளியலறைக்குள் போனால் குப்பத்தா, குப்பத்தா என்று தொண்டை கிழியும். கட்டிலை முன்னறையில் போட்டிருப்பதால் வாசலுக்குப் போக அவர் காலைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போது நல்ல கையால் புடவையைப் பிடித்துக்கொள்வார். ரேஷனுக்குப் போனாலும் பாதி வழியில் அந்தக் குரல் கேட்கிற மாதிரியே இருந்து திரும்பி வந்துவிடுவேன். இந்தக் கிரில் கதவுக்குள் எனக்கு நாள் விடிவதும் முடிவதும் ஒரே சத்தமாகிவிட்டது.

அவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண், தெரிந்த சொல்லிலிருந்து தொடங்கலாம் என்றாள். நான் ஒரு நாள் எனக்காகவே ஒன்று செய்து பார்த்தேன். அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, "தனம்னு சொல்லுங்க. த. னம்" என்றேன். அக்கா பேர் என்கிற தடை இனி அவருக்கு எதற்கு? அவர் என் வாயையே பார்த்தார். நெற்றி வியர்த்தது. உதடு குவிந்து, நாக்கு திணறி, கடைசியில் குப்பத்தா என்று வந்தது. தப்பு என்று அவருக்கே தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் அதற்குப் பிறகு அவரை அப்படி வதைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் போனை வைத்ததிலிருந்து உன் பேச்சு மனதிலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஊரை விட்டுப் போனவனுக்குத்தான் ஊர்ப் பேர். அப்படியென்றால் அங்கேயே போய் நின்றால் அந்தப் பேர் கழன்றுவிடும் இல்லையா? புதன்கிழமை அத்தையிடம், "அக்கா, மத்தியானம் வரைக்கும் பாத்துக்கோ, தம்பி வீட்டுக்குப் போயிட்டு வந்துட்றேன்" என்றேன். அவள் முட்டியைத் தடவிக்கொண்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "போயிட்டு வா" என்றாள். உன் அப்பா படுத்த பிறகு இரண்டு ஊருக்கும் நடுவே ஓடுகிற ஆற்றை நான் தாண்டினதே இல்லை. டெம்போ பிடித்து, பாலத்தில் போகும்போது காற்று முகத்தில் அடித்தது. பக்கத்தில் இருந்தவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். யாரும் என்னை எதற்கும் கூப்பிடவில்லை. அந்தப் பாலம் இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்தால் என்ன என்று இருந்தது.

உன் மாமா வீட்டு வாசலில் அவர் மருமகள் கோலப்பொடி டப்பாவோடு நின்றாள். உள்ளேயிருந்து உன் மாமா, "யாரும்மா வந்திருக்கறது?" என்றார். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே திரும்பி, "நெல்லித்தோப்பு அத்தை வந்திருக்காங்க மாமா" என்றாள். அவள் பெண் குழந்தை ஓடிவந்து, "நெல்லித்தோப்பு ஆயா" என்று காலைக் கட்டிக்கொண்டது. நான் அப்படியே நின்றுவிட்டேன். எத்தனையோ தடவை கேட்டிருப்பேன், அன்றுதான் காதில் விழுந்தது. நெல்லித்தோப்பில் நான் அரியாங்குப்பத்தா. அரியாங்குப்பத்தில் நான் நெல்லித்தோப்பு. எங்கே போனாலும் விட்டு வந்த இடத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.

உன் மாமா காபி கொடுத்தார். நான் கேட்டேன், "டேய், என் பேரு என்னடா?"

"என்னக்கா, வெயில்ல வந்தியா?" என்று சிரித்தார்.

"சொல்லுடா."

"அக்காவ போய் பேரு சொல்லுவாங்களா? காபிய குடி, ஆறுது."

அவர் சொல்லமாட்டார், சொல்லவும் கூடாது. என்னைத் தனம் என்று கூப்பிடக்கூடியவர்கள் இரண்டு பேர், என் அம்மாவும் அப்பாவும். இரண்டு பேருமே அந்த ஊர்ச் சுடுகாட்டில் எரிந்தவர்கள். நான் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். சாப்பிட்டுப் போகச் சொன்னார்கள், உட்கார முடியவில்லை.

திரும்பி வந்து கிரில் கதவைத் திறக்கப் போனபோது உள்ளே உன் அப்பா குரல் கேட்டது. "குப்பத்தா." நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து பதில் வந்தது. "என்னடா தம்பி? இதோ வரேன், இரு." அத்தை. அந்தப் பேரை எனக்கு வைத்தவளே அந்தப் பேருக்கு ஏன் என்று கேட்டுக்கொண்டு, முட்டியைப் பிடித்தபடி தண்ணீர் டம்ளரோடு போகிறாள். அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரியே அவளைப் பார்த்தும் சிரிக்கிறார். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, சதீஷ். என் பொருளை யாரோ எடுத்துவிட்ட மாதிரி சுருக்கென்றது. வாழ்நாளெல்லாம் வேண்டாம் என்று நினைத்த பேர், இன்னொருத்தி அதற்கு ஏன் என்றதும் வாசலில் நின்று அழுதேன். அத்தை எட்டிப் பார்த்து, "எதுக்குடி அழுவுற? உன்னை மட்டும்தான் கூப்பிடறான்னு நெனச்சியா? காலைலேர்ந்து ஃபேனைக் கூப்பிட்டான், பூனையக் கூப்பிட்டான். அவனுக்கு எல்லாம் அதுதான்" என்றாள்.

அதன் பிறகுதான் அது நடந்தது. உன்னிடமிருந்து போட்டோ வந்தது. கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு நீ, பக்கத்தில் எம்மா. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை அவர் முகத்துக்கு நேரே காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். நல்ல கையைத் தூக்கி, போன் கண்ணாடியில் உன் முகத்தின்மேல் விரலை வைத்தார். விரல் பட்டுப் படம் நகர்ந்தது. மறுபடி தேடிக் கொண்டுவந்து காட்டினேன். "குப்பத்தா" என்றார். தண்ணீருக்குக் கூப்பிடுகிற குரல் இல்லை, வலிக்குக் கூப்பிடுகிறதும் இல்லை. அவர் குரல் ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும், இது நான் கேட்காத ஒன்று. திரும்பவும், மெதுவாக, "குப்பத்தா" என்றார். அத்தை புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இதுதான் நான் சொல்ல வந்தது. அரியாங்குப்பம் உனக்கு வேண்டாம். எனக்கு மரியாதை செய்வதாக நினைத்து, நான் அடைபட்டிருந்த இடத்தை உன் தோளில் ஏற்றிக்கொண்டு சீமை முழுக்கத் திரியாதே. உனக்குப் பிறக்கப்போகிற பிள்ளை பார்த்தே இராத ஒரு ஊரின் பேருக்குப் பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்க வேண்டாம். அது மட்டும் இல்லை. உன் அப்பாவிடம் இப்போது இருப்பது அந்த ஒரு சொல்தான். அவருடைய பாஷையே அவ்வளவுதான். அதை அவரிடம் விட்டுவிடு. ஏழுமலையை வைத்துக்கொள்வதும் எடுப்பதும் உன் இஷ்டம், அதற்காக நான் வாதாடமாட்டேன். அவரை மன்னித்துவிடு என்றும் சொல்லமாட்டேன். என் புருஷன் வேறு, உன் அப்பா வேறு. சொல்தா வீட்டுக்காரர்கள் மாதிரி நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து புதுசாக ஒன்றைப் பார்த்து எடுத்தால்கூட எனக்குச் சந்தோஷம்தான்.

எம்மாவை இங்கே கூட்டி வரும் நாள் வந்தால், தெரு முழுக்க அவளை லண்டன்காரி என்பார்கள். உன் அத்தையும் அப்படித்தான் சொல்லப் போகிறாள், அவளை நிறுத்த முடியாது. நீ மட்டும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடு. கோபத்திலும் கூப்பிடு. வீட்டில் வேறு யாரும் இல்லாதபோதும் கூப்பிடு. உன்னிடம் நான் கேட்பது அவ்வளவுதான்.

நான் கல்யாணத்துக்கு வரமாட்டேன். டிக்கெட் போடுகிறேன் என்று மறுபடி மறுபடி சொல்லி என்னைச் சங்கடப்படுத்தாதே. அத்தையால் அவரைப் புரட்டிப் படுக்க வைக்க முடியாது, எனக்கும் அரை நாளுக்கு மேல் இந்த வீட்டை விட்டு இருக்க முடியவில்லை என்பதைப் புதன்கிழமை பார்த்துவிட்டேன். பிடித்துத்தான் இருக்கிறேனா, மாட்டிக்கொண்டுதான் இருக்கிறேனா என்று என்னைக் கேட்காதே, எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அன்று நாங்கள் மூன்று பேரும் குளித்து நல்ல துணி உடுத்திக்கொண்டு போன் முன்னால் உட்கார்ந்திருப்போம். அவருக்கு வேட்டி கட்டி, நெற்றியில் விபூதி வைத்து, தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைக்கிறேன். எப்போதும் போல என் முகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போனை எம்மாவிடம் கொடுத்துவிடாதே. அவர் உன்னைப் பார்த்துக் குப்பத்தா என்பார். அம்மாவைக் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொள்ளாதே, அது உன்னைத்தான். "என்னப்பா?" என்று கேள்.

அம்மா

நெல்லித்தோப்பு